முதல் இருபத்திரண்டு வரிகள்

2011-இல் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பதினான்கு வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். அடைவில் இருக்கும் நிரல் கோப்புகளை அது ஒவ்வொன்றாகத் திறக்கும். கோப்பின் உச்சியில் குறிப்புரை ஏதும் இருக்கிறதா, அதில் 'காப்பிரைட்' என்ற சொல் வருகிறதா என்று பார்க்கும். வந்தால் அந்தக் குறிப்புரை முழுவதையும் அழித்துவிடும். அழித்த இடத்தில் எங்கள் நிறுவனத்தின் பெயர், ஆண்டு, எல்லா உரிமைகளும் எங்களுக்கே என்னும் ஆறு வரிகளை ஒட்டும். குறிப்புரையே இல்லாத கோப்பில் நேராக ஒட்டிவிடும். மொத்தம் 312 கோப்புகள். ஐந்து நொடிகூட ஆகவில்லை.

அந்த 312-இல் 41 கோப்புகளை எழுதியவர்கள் நாங்கள் அல்ல.

'தெரியாமல் செய்துவிட்டேன்' என்றுதான் இதைப் பல வருடங்கள் சொல்லிவந்தேன். சின்ன வயது, உரிமச் சட்டமெல்லாம் எங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள், டெலிவரி நெருக்கடி. கேட்டவர்களும் தலையாட்டினார்கள். அது பொய். அந்த ஸ்கிரிப்ட் தேடியதே அந்த ஒரு சொல்லைத்தான். எங்கள் குழு எழுதிய கோப்புகளில் அந்தச் சொல் கிடையாது. ஹெட்டர் போடும் பழக்கமே அதுவரை எங்களுக்கு இல்லை. அந்தச் சொல் இருக்கும் கோப்பு வெளியாள் எழுதியது என்பது எனக்குத் தெரியும். அடுத்தவர் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடிப்பிடித்து அழிக்கும் ஒன்றை யாரும் தெரியாமல் எழுத முடியாது.

அழிந்தது என்ன என்று சொன்னால்தான் நான் செய்தது முழுதாகப் புரியும். நாற்பத்தொன்றையும் சொல்லப்போவதில்லை. ஒன்று போதும்.

சென்னையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் அப்போது வேலை. ஒரு பதிப்பகத்தின் பழைய பத்திரிகை இதழ்களைத் தேடிப் படிக்கும்படி செய்து கொடுக்க வேண்டும். இதழ்கள் கணினியில்தான் இருந்தன, ஆனால் யூனிகோடில் இல்லை. தொண்ணூறுகளில் அச்சகத்துக்கு ஒரு எழுத்துரு, ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியீட்டு முறை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்று இரண்டு முறைகள் தரமாக வந்தன. அதற்கு முன்பே உலகின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள் தங்களுக்குள் பேசி முடிவுசெய்து டிஸ்கி என்ற முறையை உருவாக்கியிருந்தார்கள். எங்களிடம் வந்த இதழ்களில் இவை எல்லாமும் இருந்தன. இவை எதிலும் சேராதவையும் இருந்தன.

இவற்றை யூனிகோடுக்கு மாற்றுவது அட்டவணை போட்டு எழுத்துக்கு எழுத்து மாற்றுகிற வேலை அல்ல. பழைய முறைகள் எழுத்தைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைத்தன. 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் முதலில் க, அதற்குப் பின்னால் ஒகரக் குறி. ஒவ்வொரு கொம்பையும் பிடித்து எழுத்துக்குப் பின்னால் தள்ளி, அதற்கப்பால் கால் இருக்கிறதா என்று பார்த்து இரண்டையும் ஒட்ட வேண்டும். இதை நான்கைந்து நாளில் நானே எழுதிவிட்டேன், பெருமையாகவும் இருந்தது. அதன்பிறகு ஔகாரத்தில் வந்து மாட்டிக்கொண்டேன்.

'மௌ' என்பதன் வலப்பக்கத் துண்டும் 'ள' என்ற எழுத்தும் பார்வைக்கு ஒன்றுதான். அதனால் தட்டச்சு செய்த பலர் மௌனத்தை மெ, ள, ன, ம் என்றே அடித்து வைத்தார்கள். தாளில் வித்தியாசம் தெரியாது. கணினியில் 'மௌனம்' என்று தேடினால் ஒரு இதழிலும் மௌனம் இருக்காது. சரி, கொம்புக்குப் பின் வரும் 'ள'-வை எல்லாம் ஔகாரமாக மாற்றலாமா? தெளிவு, வெளிச்சம் போன்றவை தப்பித்துவிடும். அங்கே 'ளி' என்று உயிர்க்குறி ஏறியிருப்பதால் அது 'ள'-தான் என்று விதி போட்டுவிடலாம். மொட்டையாக நிற்கும் 'ள'-வில்தான் ஆபத்து. பத்திரிகையில் பாதி சிறுகதைகள். கதைகளில் மனிதர்கள் பேசுகிறார்கள். 'கெளம்பு' என்கிறார்கள், 'வெளக்கு' என்கிறார்கள், 'வெளயாட்டு' என்கிறார்கள். வௌவாலுக்கு ஔகாரம் வேண்டும், வெளக்குக்கு வேண்டாம். எந்த விதியும் இதைப் பிரித்துச் சொல்லாது. சொல் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து பட்டியல் போட்டால்தான் உண்டு.

அப்படி உட்கார்ந்து பட்டியல் போட்ட ஒருவர் இருந்தார். கடல் கடந்து வாழ்பவர், வேறு ஏதோ துறையில் வேலை, ஓய்வு நேரத்தில் இதைச் செய்தவர். தொள்ளாயிரம் வரிக்குக் குறையாத ஒரே கோப்பு, சி மொழியில். கடைசிப் பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட சொற்கள், ஒவ்வொன்றும் பேச்சு வழக்கில் இருந்து எடுத்தது. அந்தக் கோப்பை எங்கள் அடைவில் போட்ட அன்றே மௌனமும் வெளக்கும் அதனதன் இடத்தில் போய் நின்றன. எனக்கு இரண்டு மாத வேலை மிச்சம்.

அதன் உச்சியில் இருபத்திரண்டு வரிகள் இருந்தன. கோப்பு என்ன செய்கிறது என்று இரண்டு வரி. அவர் பெயரும் ஆண்டும் ஒரு வரி. பிறகு எம்.ஐ.டி. உரிமத்தின் வாசகம். கடைசியில் ஒரே ஒரு வரியில், சொற்பட்டியலுக்கு உதவியவர் என்று இன்னொருவர் பெயர்.

எம்.ஐ.டி. உரிமத்தைப் படிக்க ஒரு நிமிடம் போதும். எடுத்துக்கொள், மாற்று, விற்கக்கூடச் செய் என்கிறது. காசு கேட்பதில்லை. எனக்குச் சொல்லிவிட்டு எடு என்றுகூடக் கேட்பதில்லை. அது கேட்பது ஒன்றே ஒன்று: இந்தப் பதிப்புரிமைக் குறிப்பும் இந்த அனுமதிக் குறிப்பும் எல்லாப் பிரதிகளிலும் இருக்க வேண்டும். மற்றபடி, ஏதாவது கெட்டுப்போனால் என்னைக் கேட்காதே என்று ஒரு பத்தி. அவ்வளவுதான். இரண்டு மாத உழைப்பை என்னிடம் கொடுத்துவிட்டு, பதிலுக்கு அந்த மனிதர் கேட்டது தன் பெயரை அங்கேயே விட்டுவைக்கச் சொல்லித்தான். அதைத்தான் நான் எடுத்தேன்.

மேனேஜரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பல தடவை பழியை அவர்மேல் போட்டிருக்கிறேன். அவர் சொன்னது இது: "திங்கக்கிழமை டெலிவரி. நம்ம ஃபைல் எல்லாத்துலயும் கம்பெனி ஹெட்டர் இருக்கணும்னு அக்ரிமெண்ட்ல போட்டிருக்கு, பாத்துக்கோ." நம்ம ஃபைல் என்றுதான் சொன்னார். யாருடைய பெயரையும் அழி என்று சொல்லவில்லை. அடுத்தவர் கோப்புகளைத் தனி அடைவில் பிரித்து வைத்துவிட்டு மீதிக்கு மட்டும் ஹெட்டர் போட்டிருந்தால் ஒப்பந்தமும் நிறைவேறியிருக்கும். அதற்கு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கிளையண்ட் கோப்பைத் திறந்து பார்த்து 'இது யார்?' என்று கேட்டால் விளக்க வேண்டுமே என்ற தயக்கமும் இருந்தது. எல்லாம் நாங்களே எழுதியது போல இருந்தால் நல்லது என்று மனதின் ஒரு மூலையில் ஆசைப்பட்டேன். அதுதான் உண்மையான காரணம். நேரமின்மை அல்ல.

குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த பையன் ஒருவன் மாற்றங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரையில் இடப்பக்கம் சிவப்பில் பழைய இருபத்திரண்டு வரிகள், வலப்பக்கம் பச்சையில் எங்கள் ஆறு வரிகள்.

"அண்ணா, இதுல வேற யாரோ பேரு இருந்துச்சே. எடுத்துட்டீங்களா?"

"அதெல்லாம் ஓப்பன் சோர்ஸ்டா. யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்."

எடுத்துக்கலாம் என்பது சரி. அவன் கேட்டது எடுத்துடலாமா என்று. அந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே இருக்கும் தூரம் எனக்கு அந்த நிமிடம் நன்றாகத் தெரிந்தது. தெரிந்தே ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்து அவன் வாயை அடைத்தேன். வேலைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகாதவன். அவன் சரியான கேள்வி கேட்டான், நான் அவனுக்குத் தவறான பாடம் நடத்தினேன். சப்வெர்ஷனில் அந்த மாற்றத்துக்கு நான் எழுதிய குறிப்பு: 'ஹெட்டர் சீரமைப்பு.'

இதோடு முடிந்திருந்தால் அது பூட்டிய அறைக்குள் செய்த தவறாக இருந்திருக்கும். 2014-இல் அந்தக் கருவியின் ஒரு பகுதியைத் திறந்த மூலமாக வெளியிட நிறுவனம் முடிவு செய்தது. அப்பாச்சி 2.0 உரிமம். பொறுப்பாளர் நான். பழைய வரலாறு எதுவும் இல்லாமல் புது கிட் களஞ்சியத்தில் எல்லாவற்றையும் ஒரே கமிட்டாக ஏற்றினேன். ஔகாரத்தைத் தீர்த்த அந்த மாற்றி நிரலும் அதில் போனது, எங்கள் பெயரோடு. அப்பாச்சி உரிமத்தின் நான்காவது பிரிவு, மூலத்தில் இருக்கும் பதிப்புரிமை, காப்புரிமை, வணிகச் சின்னம், ஆக்கியோர் பற்றிய குறிப்புகள் எல்லாவற்றையும் காப்பாற்றச் சொல்கிறது. கோப்பை மாற்றியிருந்தால் மாற்றினேன் என்று எழுதச் சொல்கிறது. அந்த உரிமத்தை நான் தேர்ந்தெடுத்த நாளில், அது கேட்பதை மூன்று வருடம் முன்பே மீறியிருந்தேன். வெளியிட்ட அன்று பலர் பாராட்டினார்கள். ஔகாரத்தை இவ்வளவு துல்லியமாகக் கையாளும் நிரலைப் பார்த்ததில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். நன்றி என்று பதில் எழுதினேன்.

இந்த வாக்குமூலத்தில் எழுதக் கைகூசும் வரி அதுதான்.

2016-இல் அந்த நிரலை எழுதியவரிடமிருந்து அஞ்சல் வந்தது. கோபமாக ஒரு சொல் இல்லை. 'வணக்கம். தங்கள் களஞ்சியத்தில் உள்ள மாற்றி நிரல் நான் எழுதியது என்று நினைக்கிறேன். சொற்பட்டியலில் வெளக்குமாறு என்ற சொல் இரண்டு முறை இருக்கிறது. அது என் கவனக்குறைவு. தங்கள் கோப்பிலும் இரண்டு முறை இருக்கிறது. மூலத்தில் இருந்த குறிப்பு எப்படி விடுபட்டது என்று அறிய விரும்புகிறேன்.' அவ்வளவுதான்.

மூன்று வாரம் பதில் எழுதவில்லை. அந்த மூன்று வாரத்தில் இரண்டு காரியம் செய்தேன். முதலாவது, சத்தமில்லாமல் அவர் பெயரையும் உரிம வாசகத்தையும் கோப்பில் திரும்ப ஒட்டினேன். கமிட் குறிப்பில் 'சிறு திருத்தங்கள்' என்று போட்டு, தொடர்பில்லாத வேறு இரண்டு மாற்றங்களையும் அதோடு கலந்துவிட்டேன், கண்ணில் படாமல் இருக்க. அழித்தபோது இருந்த அதே கை, திருப்பி வைக்கும்போதும் ஒளித்தே வைத்தது.

இரண்டாவது, எனக்கு என்ன ஆகும் என்று படித்துப் பார்த்தேன். அவருக்கு என்ன ஆயிற்று என்று யோசிக்கவில்லை. எனக்கு என்ன ஆகும் என்று.

ஹெட்டர் இல்லாவிட்டாலும் பதிப்புரிமை போய்விடாது என்பது முதலில் புரிந்தது. பெர்ன் உடன்படிக்கையில் இந்தியா 1928-இலிருந்து இருக்கிறது; எழுதிய நொடியிலேயே உரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது, பதிவோ குறிப்போ தேவையில்லை. கணினி நிரலை நம் 1957-ஆம் ஆண்டுச் சட்டம் இலக்கியப் படைப்பின் கீழ் வைக்கிறது. அதே சட்டத்தின் 57-ஆம் பிரிவு இன்னும் ஆழமானது. பதிப்புரிமையை விற்றுவிட்டாலும்கூட, இது நான் எழுதியது என்று சொல்லும் உரிமை படைப்பாளியிடமே தங்கும். நான் அழித்தது அவருடைய உரிமையை அல்ல, அதற்கான அடையாளத்தை.

பிறகு 65பி. 2012-இல் செய்த திருத்தத்தில் வந்த பிரிவு. படைப்பில் பதிந்திருக்கும் ஆக்கியோன் பெயர் போன்ற உரிமைத் தகவலைத் தெரிந்தே அழிப்பது குற்றம், இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. நான் அழித்தது 2011. சட்டம் வந்தது 2012. அந்த ஒரு வருட இடைவெளியைக் கண்டதும் பெருமூச்சு விட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அடுத்த வரியைப் படித்தேன். அழிக்கப்பட்டது என்று தெரிந்தே அந்தப் படைப்பின் பிரதிகளைப் பரப்புவதும் அதில் அடக்கம். நான் பரப்பியது 2014. அந்தப் பிரிவு முழுவதும் 'தெரிந்தே' என்ற சொல்லின் மேல்தான் நிற்கிறது. இத்தனை காலம் 'தெரியாமல்' என்ற சொல்லை நான் ஏன் அவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று அப்போது விளங்கியது.

அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கையும் அந்த நாட்களில்தான் படித்தேன். ராபர்ட் ஜேகப்சன் பெர்க்லியில் இயற்பியல் பேராசிரியர். பொம்மை ரயில்களைக் கணினி வழியே ஓட்டும் ஜே.எம்.ஆர்.ஐ. என்ற திறந்த மூல மென்பொருளை மற்ற ஆர்வலர்களோடு சேர்ந்து உருவாக்கியவர். அதன் கோப்புகளை எடுத்துத் தன் வணிக மென்பொருளில் போட்டுக்கொண்டவர்மேல் வழக்குப் போட்டார். எழுதியவர்களின் பெயர்கள், பதிப்புரிமைக் குறிப்பு, உரிமக் கோப்பு எங்கே என்ற சுட்டுகை, மூலம் எது என்ற தகவல், என்ன மாற்றப்பட்டது என்ற விவரம் எல்லாம் விடுபட்டிருந்தன. இது வெறும் ஒப்பந்த மீறல் என்றது கீழ் நீதிமன்றம். 2008 ஆகஸ்டில் ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது: காசு வாங்காமல் கொடுப்பதால் நிபந்தனைக்கு மதிப்பு இல்லாமல் போகாது, நிபந்தனையை மீறினால் அது பதிப்புரிமை மீறலாகவே ஆகலாம். விடுபட்டவற்றின் அந்தப் பட்டியலைப் படிக்கப் படிக்க என் பதினான்கு வரி ஸ்கிரிப்டின் வேலையை யாரோ எழுதி வைத்தது போல இருந்தது. நான் ஸ்கிரிப்ட் எழுதுவதற்கு மூன்று வருடம் முன்பே அந்தத் தீர்ப்பு வந்தாகிவிட்டது.

மூன்று வாரத்துக்குப் பிறகு பதில் எழுதினேன். முதல் வரைவில் 'தானியங்கி ஸ்கிரிப்ட் ஒன்றின் பிழையால் விடுபட்டுவிட்டது' என்று இருந்தது. பாதி இரவு அதை வைத்துக்கொண்டு பார்த்தேன். ஸ்கிரிப்டில் பிழையே இல்லை. சொன்னதை அப்படியே செய்தது. அழித்துவிட்டு எழுதினேன்: 'ஐயா, அந்தக் குறிப்பை நான்தான் அழித்தேன். உங்கள் பெயரைப் பார்த்த பிறகுதான் அழித்தேன். இப்போது திரும்பச் சேர்த்திருக்கிறேன். மன்னிக்க வேண்டும்.'

மறுநாளே பதில் வந்தது. 'தம்பி, பார்த்தேன். என் பெயரைப் போட்டுவிட்டீர்கள், நன்றி. அதற்குக் கீழே ஒரு வரி இருந்ததே, அது எங்கே?'

சொற்பட்டியலுக்கு உதவியவரின் பெயர் இருந்த வரி. உரிமம் எதைக் கேட்கிறதோ அதை மட்டும் எண்ணி எடுத்து ஒட்டியிருந்தேன். பதிப்புரிமைக் குறிப்பு, அனுமதிக் குறிப்பு. நன்றி சொல்லும் வரி எம்.ஐ.டி. உரிமத்தின் கணக்கில் வராது என்று நினைத்தேனா, அல்லது அந்த வரியே என் நினைவில் இல்லையா என்று இன்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சொல்லப்போனால் அந்த மனிதர்தான் பட்டியலில் பெரும்பகுதி. அச்சகத்தில் நாற்பது வருடம் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர் என்று பின்னால் தெரிந்தது. தொடர்கதைகளின் புரூஃப் பார்த்தே அந்தப் பேச்சு வழக்குச் சொற்கள் அவருக்கு மனப்பாடம். கணினியைத் தொட்டதில்லை. ஒரு நோட்டில் எழுதி அனுப்புவார், இவர் தட்டச்சு செய்வார். நான் பயன்படுத்திய மொத்த நிரலில் அவர் பெயர் இருந்த ஒரே இடம் அந்த வரி.

என்னிடம் அந்த வரி இல்லை. முதலில் எடுத்த கோப்பு, வேலை மாறியபோது பழைய கணினியோடு போய்விட்டது. வெளியிட்ட களஞ்சியத்தில் பழைய வரலாறே இல்லை, நான்தான் வெட்டி எறிந்தேன். அவரிடமே கேட்டேன். எழுத்துப் பிழை வராமல் இருக்க அப்படியே நகல் எடுத்து ஒட்டச் சொல்லி அனுப்பினார். இந்த முறை தனி கமிட். என்ன செய்தேன், எப்போது அழித்தேன், யார் கேட்டு இப்போது சேர்க்கிறேன் என்று ஆறு வரிக் குறிப்பு. அவர்கள் இருவருடைய பெயர்களையும் இங்கே எழுதவில்லை. கோப்பில் போட அனுமதி உண்டு, இந்தக் கட்டுரைக்கு நான் கேட்கவில்லை.

அதன்பிறகு மீதி நாற்பதையும் தேடிப் போனேன். நிறுவனத்திடம் சொன்னேன், பழைய சப்வெர்ஷன் காப்புப் பிரதியைத் திறந்து கொடுத்தார்கள். ஒவ்வொரு கோப்பின் பழைய தலையையும் முதல்முறையாக உட்கார்ந்து படித்தேன். ஒன்றில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பழைய பி.எஸ்.டி. உரிமம், விளம்பரங்களில் எங்கள் பெயரைக் குறிப்பிடு என்று கேட்கும் மூன்றாவது நிபந்தனையோடு. அந்த நிபந்தனையை 1999 ஜூலையில் பல்கலைக்கழகமே கைவிட்டுவிட்டது. இரண்டு கோப்புகளில் ஜி.பி.எல்., கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் பாஸ்டன் முகவரியோடு. ஒன்றில் டெம்பிள் பிளேஸ், இன்னொன்றில் 2005-க்குப் பிறகு வந்த ஃபிராங்க்ளின் தெரு. முகவரியைப் பார்த்தே அந்தக் கோப்பு எந்தக் காலத்தில் எழுதப்பட்டது என்று ஊகிக்கலாம். அந்த இரண்டும் மூடிய மென்பொருளுக்குள் இருந்தன. ஹெட்டர் இருந்திருந்தால் யாராவது ஒருவர் கண்ணில் பட்டு 2011-லேயே தடுத்திருப்பார்கள். எழுதியவர்களின் பெயரை மட்டும் நான் அழிக்கவில்லை, என் சொந்த நிறுவனம் தன் கடமையை அறிந்துகொள்ளும் வழியையும் அடைத்துவிட்டேன். அந்த இரண்டு கோப்புகளையும் நீக்கி வேறு எழுதினார்கள்.

2007-இல் லினக்ஸ் உலகில் ஒரு சர்ச்சை. ஓப்பன்பி.எஸ்.டி.-யிலிருந்து வந்த ஒரு வயர்லெஸ் டிரைவர் நிரலின் தலையில் இருந்த தாராள உரிமத்தை எடுத்துவிட்டு ஜி.பி.எல். போட ஒரு மாற்றம் முன்மொழியப்பட்டது. மூலத்தை எழுதியவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அதையொட்டி அந்த ஆண்டே மென்பொருள் சுதந்திரச் சட்ட மையம் ஒரு வழிகாட்டி எழுதியது: பழைய குறிப்பை அப்படியே வை, உன் பங்கு பெரிதாக இருந்தால் உன் குறிப்பைக் கூடச் சேர், எது எதற்குப் பொருந்தும் என்று சொல். என் வேலை முழுவதற்கும் அந்த மூன்று வாக்கியம் போதுமாக இருந்தது. எழுதப்பட்டு நான்கு வருடமாகி என் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது.

இன்று எஸ்.பி.டி.எக்ஸ். அடையாளம் என்று ஒரே வரியில் உரிமத்தைச் சொல்லிவிடும் முறை பரவலாகிவிட்டது, 2021-இல் ஐ.எஸ்.ஓ. தரமாகவும் ஆனது. நானும் புதுக் கோப்புகளில் அதைத்தான் போடுகிறேன். ஆனால் அந்த ஒரு வரி வந்துவிட்டதே என்று பழைய பெயர்களைத் துடைக்கிற ஸ்கிரிப்டுகளை இப்போதும் பார்க்கிறேன், பயமாக இருக்கிறது. லினக்ஸ் கெர்னலில் 2017-இல் உரிமக் குறிப்பே இல்லாத பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகளுக்கு அந்த வரியைச் சேர்த்தார்கள். 2019-இல் ஏற்கெனவே இருந்த நீண்ட வாசகங்களைச் சுருக்கினார்கள். தாமஸ் கிளைக்ஸ்னரும் மற்றவர்களும் வாசக வகை வகையாகப் பிரித்து, தொகுதி தொகுதியாகப் பலர் பார்வைக்கு வைத்து, அவர்கள் சரி என்ற பிறகே மாற்றினார்கள். சுருங்கியது உரிம வாசகம் மட்டும். பதிப்புரிமை வரிகளில், பெயர்களில் கை வைக்கவில்லை.

அந்தப் பையனை இரண்டு வருடம் முன்பு ஒரு திருமணத்தில் பார்த்தேன். இப்போது பெரிய குழு ஒன்றை நடத்துகிறான். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும் இடத்தில் பிடித்து நிறுத்தி, "அன்னிக்கு நீ கேட்டது சரி, நான் சொன்னது தப்பு, தெரிஞ்சே சொன்னேன்" என்றேன். எதைச் சொல்கிறேன் என்று அவனுக்கு முதலில் புரியவில்லை. ஞாபகப்படுத்தினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதுக்கப்புறம் நானும் ரெண்டு பிராஜெக்ட்ல அப்படித்தாண்ணா பண்ணிட்டேன்" என்றான். எவை என்று கேட்டேன், சொன்னான். அவற்றில் ஒன்றை அவனால் சரிசெய்ய முடியும். இன்னொன்றை எடுத்த நிறுவனம் இப்போது இல்லை.

எங்கள் களஞ்சியத்திலிருந்து அந்த மாற்றியை எடுத்துத் தங்கள் நிரலில் வைத்துக்கொண்டவர்கள் என் கண்ணுக்குத் தெரிந்து ஒன்பது பேர். அவர்கள் பேரில் குற்றம் இல்லை; எங்கள் ஹெட்டரை அவர்கள் நேர்மையாகக் காப்பாற்றியிருந்தார்கள். ஒன்பது பேருக்கும் எழுதினேன். நான்கு பேர் உடனே மாற்றினார்கள். இரண்டு பேர் அந்தத் திட்டத்தை எப்போதோ விட்டுவிட்டதாகச் சொன்னார்கள், கேட்டுக்கொண்டதற்காக மாற்றியும் கொடுத்தார்கள். மூன்று பேரிடமிருந்து பதில் இல்லை. மறுபடி எழுதினேன், அதற்கும் இல்லை. அவ்வப்போது திறந்து பார்க்கிறேன். உச்சியில் எங்கள் ஆறு வரிகள் அப்படியே இருக்கின்றன. உள்ளே பட்டியலில், முப்பது வரி இடைவெளியில், வெளக்குமாறு இரண்டு முறை.